ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்: பீன்ஸுக்கு ரைசோபியம் வாங்கி ஏமாந்த கதை

வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ் போடப் போகிறவர்கள் ரைசோபியம் (வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியா) பாக்கெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் பாத்தி புதிது, அங்கே பீன்ஸ் போடுவது முதல் முறை. விதை நேர்த்திக்கு ரைசோபியம் கேட்டேன். "இது எல்லாப் பயறுக்கும் ஒத்துவரும்" என்று வெயில் விழும் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். உயிருள்ள பாக்டீரியாவை வெயிலில் வைத்திருக்கிறாரே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் தெளித்து விதையில் அந்தக் கறுப்புப் பொடியைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே ஊன்றினேன். ஒரு வரிசைக்கு மட்டும் பொடி சேர்க்கவில்லை. (சந்தேகப் பிராணி நான். அதுதான் பிறகு கைகொடுத்தது.)

ஐந்து வாரத்தில் எல்லா வரிசையும் ஒன்றுபோல வெளிறி, அடி இலைகள் மஞ்சளாகின. பொடி சேர்த்த வரிசையிலும் சேர்க்காத வரிசையிலும் ஒவ்வொரு செடியை மண்ணோடு தோண்டி வேரை அலசினேன். ஒரு முடிச்சுகூட இல்லை. வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்; முடிச்சுக்குள் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது. எனக்குக் கீறுவதற்கே ஒன்றும் இல்லை.

கடையில் கேட்டால், "தழைச்சத்து அதிகமாகப் போட்டிருப்பீர்கள்" என்றார். அதிகமானால் முடிச்சு வராது, உண்மைதான். ஆனால் நான் ஒரு சிட்டிகை யூரியாகூடப் போடவில்லை. போட்டிருந்தால் இலை ஏன் வெளுக்கிறது?

வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. உரித்தால், அடியில் அசல் அச்சு: சோயாவுக்கானது, காலாவதியாகி எட்டு மாதம். சோயாவோடு சேரும் பிராடிரைசோபியம் பீன்ஸுக்கு உதவாது. பட்டாணிக்கு ஒன்று, கொண்டைக்கடலைக்கு வேறொன்று. 1896 வாக்கில் ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் என்ற ஆய்வாளர்கள் 'நைட்ராஜின்' என்று இதை அறிமுகப்படுத்தியபோதே பயிருக்குத் தனித்தனிப் புட்டிதான்!

ஆகவே பாக்கெட்டில் பீன்ஸ் என்ற பெயரும், பாக்டீரியாவின் பெயரும், காலாவதித் தேதியும் அச்சிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையாக இருந்தால் நல்ல பொடியும் வீணாகலாம், பாக்டீரியா செத்துவிடக்கூடும்.

உரித்த ஸ்டிக்கரோடு மறுபடி போய்ப் பணத்தைக் கேட்டேன். பிரித்த பாக்கெட்டுக்குத் திருப்பித் தர முடியாதாம். அதே அலமாரியில், அதே ஸ்டிக்கரோடு, இன்னும் நாலைந்து பாக்கெட்டுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.