செட்சுகோ ஹாராவின் முகமும் விலகலும்: 'லேட் ஸ்ப்ரிங்' புளூ-ரே வட்டு குறித்து ஒரு மதிப்புரை

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1949-இல் இயக்கிய 'லேட் ஸ்ப்ரிங்' திரைப்படத்தை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2012-இல் புளூ-ரே வட்டாக வெளியிட்டது. 108 நிமிடம் ஓடும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்குவோரில் பலர் ஓசுவுக்காக வாங்குவார்கள். நான் செட்சுகோ ஹாராவுக்காக வாங்கினேன். ஜப்பானியத் திரையுலகின் உச்சியில் இருந்த அந்த நடிகை 1963-இல், 43-ஆம் வயதில், நடிப்பதை நிறுத்தினார். 2015-இல் 95 வயதில் இறக்கும் வரை நேர்காணல்களுக்கும் புகைப்படங்களுக்கும் மறுத்தே வாழ்ந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் இன்றும் 'மர்மம்' என்ற சொல்லைத்தான் முதலில் எடுக்கிறார்கள். இந்த வட்டை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது என்று தோன்றும் என்பதே என் எண்ணம். அவர் விலகியதற்கான காரணத்தில் ஒரு பெரும் பகுதி திரையிலேயே இருக்கிறது.

கதை மிக எளியது. மனைவியை இழந்த பேராசிரியர் ஒருவர் தம் மகள் நோரிகோவுடன் டோக்கியோவுக்கு அருகிலுள்ள கமகுராவில் வாழ்கிறார். மகளுக்கு 27 வயது ஆகிவிட்டது. அப்பாவைக் கவனித்துக்கொண்டு இப்படியே இருப்பதுதான் அவளுக்கு நிறைவு. திருமணம் செய்து வைத்தே தீர வேண்டும் என்று அத்தை வற்புறுத்த, தாமும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக மகள் நம்பும்படி அப்பா பொய் சொல்கிறார். அப்பாவாக சிஷு ரியூவும், அத்தையாக ஹாருகோ சுகிமுராவும், நோரிகோவாக ஹாராவும் நடித்திருக்கிறார்கள்.

படத்தின் நடுவே, ஜப்பானின் மரபான 'நோ' நாடகம் நடக்கும் அரங்கில் ஒரு காட்சி வருகிறது. அப்பாவும் மகளும் அரங்கில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். எதிர்ப்புறத்தில் அமர்ந்திருக்கும் ஒரு விதவைப் பெண்ணைப் பார்த்து அப்பா தலைதாழ்த்தி வணங்குகிறார். நோரிகோவும் மரியாதைக்குப் புன்னகைத்து வணங்குகிறாள். பிறகு அவள் கண்கள் அப்பாவிடம் திரும்புகின்றன, அந்தப் பெண்ணிடம் போகின்றன, மறுபடியும் அப்பாவிடம் வருகின்றன. புன்னகை ஒரேயடியாக மறைவதில்லை. முதலில் கண்களில் அணைகிறது, பிறகு கன்னங்கள் தளர்கின்றன, கடைசியில் தலை தானாகவே தாழ்கிறது. இவ்வளவு நேரமும் மேடையிலிருந்து வரும் பாட்டும் மேளமும் தவிர ஒரு சொல் பேசப்படுவதில்லை. இணையத்தில் உலவும் மங்கலான பிரதிகளில் முகம் வெறும் வெண்மைத் திட்டாகத் தெரிவதால், இந்தக் காட்சியை நீளமான, அலுப்பூட்டும் காட்சி என்று கருதியவர்கள் உண்டு. இந்த வட்டின் தெளிவில் அது படத்தின் உயிர்நிலையாக மாறுகிறது. கொடுத்த பணம் இந்த ஒரு காட்சிக்கே ஈடாகிவிட்டது என்று தயங்காமல் சொல்வேன்.

இங்கே ஓசுவின் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஹாராவின் புகழுக்கும் அந்தப் புகழ் அவருக்கு ஏற்படுத்திய சுமைக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இருவர் உரையாடும்போது கேமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் வைத்து மற்றவரைக் காட்டுவதே வழக்கமான முறை. ஓசு அப்படிச் செய்வதில்லை. பேசுகிறவர் ஏறத்தாழ நேராகக் கேமராவைப் பார்த்தே பேசும்படி அமைக்கிறார், அதுவும் பாயில் அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் தாழ்வாகக் கேமராவை இறக்கி. இதனால் பார்வையாளர் அப்பாவின் இடத்தில் அமர்ந்துவிடுகிறார். நோரிகோ அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்பு நம்மை நோக்கி வருகிறது. அரங்கில் அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒவ்வொருவரும் அது தமக்கே உரியது என்று உணர்ந்திருப்பார்கள். ஒளியமைப்பும் கோணமும் பல முறை எடுத்துப் பார்த்த ஒத்திகையும் சேர்ந்து உருவாக்கிய நெருக்கம் அது. அந்த நெருக்கத்தை உண்மையான உறவென்று நம்பிய கூட்டம், அரங்கை விட்டு வெளியே வந்த பிறகும் அதே சிரிப்பை, அதே மென்மையை அந்த நடிகையிடம் எதிர்பார்த்தது.

அவருக்குச் சூட்டப்பட்ட பட்டத்தைப் பாருங்கள்: 'நித்திய கன்னி'. கலைத்திறனைப் பாராட்டும் பட்டம் என்று அதைச் சொல்ல முடியுமா? ஒரு பெண் எப்படி வாழ வேண்டும் என்று ஊர் கூடி எழுதிக் கொடுத்த நிபந்தனையாகத்தான் அது எனக்குப் படுகிறது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதும் அந்தப் பட்டத்துக்கு ஆதாரமாக்கப்பட்டது. முதுமை தெரியும்படி நடிக்கவோ, இரக்கமற்ற பாத்திரத்தை ஏற்கவோ, சொந்த வாழ்க்கையில் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கவோ அந்தப் பட்டத்துக்குள் இடம் ஏது? இத்தனைக்கும் அவருடைய திறமை அந்தப் பட்டத்தைவிட மிகப் பெரியது. 1946-இல் இன்னொரு ஜப்பானிய இயக்குநரான குரோசாவாவின் படத்தில் சேற்றில் இறங்கி உழைக்கும் பெண்ணாக அவர் நடித்ததைப் பார்த்தவர்கள், 1951-இல் அதே இயக்குநர் தஸ்தயெவ்ஸ்கியின் நாவலைத் தழுவி எடுத்த 'தி இடியட்' படத்தில் அவருடைய கண்களில் எரிந்த சினத்தைக் கண்டவர்கள், வெறும் மென்மையின் உருவம் என்று அவரைக் குறுக்க மாட்டார்கள். 'லேட் ஸ்ப்ரிங்' படத்திலேயே, அப்பாவின் நண்பர் ஒருவர் மறுமணம் செய்துகொண்டதை அசிங்கமான செயல் என்று அவர் முகத்துக்கு நேரே நோரிகோ சொல்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள், ஆனால் அவள் உண்மையாகவே அப்படி நினைக்கிறாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் கூர்மையை ரசிகர்கள் கவனிக்கத் தவறினார்கள்.

நடிப்பு அவர் தேடிச் சென்ற கனவும் இல்லை. 1920-இல் யோகோஹாமாவில் மசாயே ஐதா என்ற பெயரில் பிறந்த அவர், அக்காவின் கணவரும் இயக்குநருமான ஹிசதோரா குமகாயின் வழியாக 1935-இல், பதினைந்து வயதில், திரைக்கு வந்தார். நடிப்பில் தமக்கு மகிழ்ச்சி இருந்ததில்லை என்றும், பெரிய குடும்பத்தைத் தாங்குவதற்காகவே நடித்ததாகவும் அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1953-இல் ஒளிப்பதிவாளரான அவருடைய அண்ணன் படப்பிடிப்பின்போது ரயில் மோதி உயிரிழந்தார். அதே ஆண்டில்தான் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' வெளிவந்தது. அதில் கணவனைப் போரில் இழந்த மருமகளாக அவர் வருகிறார். எவ்வளவு நல்ல பெண் நீ என்று மாமனார் மனமுருகிச் சொல்லும்போது, இல்லை, நான் சுயநலக்காரி, நீங்கள் நினைப்பதுபோல எப்போதும் உங்கள் மகனை நினைத்துக்கொண்டிருப்பவள் இல்லை என்று அவள் மறுக்கிறாள். தம்மீது ஏற்றப்பட்ட தெய்வீகத்தை ஒரு பெண் மறுக்கும் அந்த வசனத்தை ஹாரா எவ்வளவு நேர்மையோடு பேசுகிறார் என்பதைக் கவனித்தால், பத்து ஆண்டுகள் கழித்து அவர் எடுத்த முடிவு திடீரென்று வந்ததாகத் தோன்றாது. 1962-இல் வெளிவந்த 'சூஷிங்குரா'தான் அவருடைய கடைசிப் படம். 1963 டிசம்பர் 12-இல், தம் அறுபதாவது பிறந்தநாளிலேயே, ஓசு காலமானார். அதன்பின் ஹாரா கமகுராவில் ஒதுங்கி, மசாயே ஐதாவாகவே வாழ்ந்தார். 2015 செப்டம்பர் 5-இல் அவர் இறந்த செய்தி நவம்பரில்தான் உலகுக்குத் தெரியவந்தது.

அவர் விலகியபோது ரசிகர்களும் பத்திரிகைகளும் வருந்தியதோடு நிற்கவில்லை, கோபப்பட்டார்கள். ஓசுவோடு காதல், கண்பார்வைக் குறைபாடு, அழகு குறைவதைக் காட்ட விருப்பமின்மை என்று ஆளுக்கொரு காரணம் கட்டினார்கள். பதினைந்து வயதிலிருந்து உழைத்துக் குடும்பத்தைக் கரையேற்றிய ஒருவர், போதும் என்று சொல்வதற்கு இத்தனை விளக்கங்கள் எதற்கு? வேறு எந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெறுபவரையும் யாரும் துரோகி என்று சொல்வதில்லை.

வட்டுடன் தரப்பட்டிருக்கும் கூடுதல் உள்ளடக்கங்களில் முதன்மையானது, ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் 1985-இல் வெளியிட்ட 'டோக்கியோ-கா' என்ற ஆவணப்படம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக ஓடும் அதில், ஓசுவின் ஜப்பானைத் தேடி வெண்டர்ஸ் டோக்கியோவில் அலைகிறார். பச்சிங்கோ என்ற பந்து விளையாட்டு இயந்திரங்கள் நிறைந்த கடைகளும் மெழுகு உணவு மாதிரிகள் செய்யும் பட்டறையும் நீளமாக வரும் பகுதிகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு ஏற்படவில்லை. ஆனால் சிஷு ரியூவும் ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதாவும் பேசும் பகுதிகள் விலைமதிப்பற்றவை. ஓசுவிடம் தமக்கு இருந்த கடப்பாட்டை ரியூ அடக்கத்தோடு சொல்கிறார். பிறகு வெண்டர்ஸுடன் கிட்டா-கமகுராவில் உள்ள ஓசுவின் கல்லறைக்குப் போகிறார். வழியில் சில பெண்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டு சூழ்ந்துகொள்கிறார்கள், ஓசுவின் படங்களுக்காக இல்லை, தொலைக்காட்சியில் பார்த்த முகம் என்பதற்காக. ரியூ அதைப் பொறுமையாக ஏற்றுக்கொள்கிறார். புகழோடு அவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார். முதுமை வரை நடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் படப்பிடிப்பு நடந்த 1983-இல் ஹாரா அதே கமகுராவில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆனால் ஆவணப்படத்தில் அவருடைய பேட்டி இல்லை, இருக்கவும் முடியாது. ஒரே படத்தில் அப்பாவும் மகளுமாக நடித்த இருவர் புகழை எதிர்கொண்ட இரண்டு வழிகளையும் ஒரே வட்டில் பார்க்கக் கிடைப்பது, வெளியீட்டாளர் எண்ணிச் செய்ததோ இல்லையோ, பெரிய வாய்ப்பு. இரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த எனக்கு மனமில்லை. ரியூவின் நிதானம் எவ்வளவு மதிப்புக்குரியதோ ஹாராவின் உறுதியும் அவ்வளவு மதிப்புக்குரியது.

படத்தின் தரம் குறித்து நேர்மையாகச் சொன்னால், இது குறையற்ற பிரதி இல்லை. மீட்டெடுப்பு கவனமாகச் செய்யப்பட்டிருந்தாலும் மெல்லிய கீறல்களும் ஒளி அதிர்வும் பல இடங்களில் தெரிகின்றன. மோனோ ஒலியில் லேசான இரைச்சல் உண்டு. முகங்களின் அண்மைக் காட்சிகளில் இவை பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. திரைப்பட அறிஞர் ரிச்சர்ட் பென்யாவின் ஒலி விளக்கவுரையை இரண்டாம் முறை பார்க்கும்போது கேட்பது நல்லது. கையேட்டில் மைக்கேல் அட்கின்சன், டொனால்டு ரிச்சி ஆகியோரின் கட்டுரைகள் உள்ளன. வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே உண்டு; வசனங்கள் குறுகியவை என்பதால் பள்ளி ஆங்கிலம் அறிந்தவர்களும் தொடர்ந்து பார்த்துவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். புளூ-ரே வட்டுகள் உலகின் குறிப்பிட்ட பிராந்தியத்தில் விற்கும் இயக்கிகளில் (வட்டை ஓட்டும் கருவிகளில்) மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்டிருக்கலாம்; இந்த வட்டு 'ஏ' பிராந்தியத்துக்கானது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் விற்கும் இயக்கிகளில் அப்படியே ஓடும். இந்தியா 'சி' பிராந்தியத்தில் இருப்பதால், இங்கே வாங்கிய சாதாரண இயக்கியில் ஓடாது. எல்லாப் பிராந்திய வட்டுகளையும் ஏற்கும் இயக்கி தேவைப்படும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட 'பி' பிராந்தியப் பதிப்பைத் தேடலாம், ஆனால் விளக்கவுரையும் கட்டுரைகளும் இந்தப் பதிப்புக்கே உரியவை. வெளியானபோது அச்சிட்ட விலை 39.95 டாலர். அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது சிறிய தொகை இல்லை; நண்பர்கள் சிலர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பார்க்கலாம், திரைப்படக் கழகங்கள் தம் நூலகத்துக்கு வாங்கி வைக்கலாம்.

என் பெரிய மனக்குறை வேறொன்று. ஓசுவைப் பற்றி இவ்வளவு உழைப்போடு தொகுக்கப்பட்ட இந்த வட்டில், படத்தையே தோளில் சுமக்கும் ஹாராவுக்கென்று தனிப் பகுதி எதுவும் இல்லை. அவர் பேட்டி தர மறுத்தார் என்பது உண்மை. அந்த மறுப்பை மதிக்கத்தான் வேண்டும். அதனால் அவருடைய நடிப்பைப் பற்றியும் பேசாமல் இருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. ஒரு சிரிப்பை அவர் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறார், கண்ணுக்கும் வாய்க்கும் வேறு வேறு வேலை கொடுப்பது எப்படி, குரோசாவா, நருசே, ஓசு ஆகிய மூன்று இயக்குநர்களிடமும் அவர் எப்படி மாறுகிறார் என்று காட்சிகளை வைத்து விளக்கும் அரை மணி நேரப் பகுதி ஒன்று அடுத்த பதிப்பில் சேர்க்கப்பட வேண்டும். அவருடைய சொந்த வாழ்க்கையை ஒரு வரிகூடத் தொடாமல் அதைச் செய்ய முடியும்.