சாட்ஸ்வொர்த் கொல்லைப்புறத்துக்கு எது: வெண்டி ஹவுஸா, கன்டெய்னரா?

மகனுக்குக் கல்யாணம், வீட்டில் இடமில்லை என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வெண்டி ஹவுஸ் எனும் சின்ன மர வீட்டைத்தான். பலகைச் சுவர்களாக வந்து இறங்கும். குறுகிய சந்து வழியாகக் கையாலேயே தூக்கிப்போய்ப் பொருத்திவிடலாம். கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியான 20 அடி கன்டெய்னரோ காலியாகவே 2 டன்னுக்கு மேல். கிரேன் லாரி பக்கத்தில் வர வேண்டும். சரிவில் கட்டிய வீடுகளுக்கு இதுவே பெரிய தடை.

பழுது பார்ப்பதில்தான் உண்மையான வித்தியாசம். மரத்துக்குக் கரையானும் ஈரமும் எதிரி. செங்கல் மேல் உயர்த்தி வைத்து, தவறாமல் வார்னிஷ் அடித்தால் தாங்கும். ஒரு பலகை இற்றுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். இரும்புச் சுவரைக் கரையான் தொடாது, ஆனால் கடற்காற்றின் உப்பில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு. ஜன்னலுக்கு வெட்டினால் சுற்றிலும் இரும்புச் சட்டம் வெல்டிங் செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சுவர் வலு இழக்கும். வெப்பம் தடுக்கும் உள்சுவர் இல்லாமல் பிப்ரவரி கோடை வெயிலில் உள்ளே படுக்கவே முடியாது. அந்தச் செலவில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

வீடு மாறினால் கன்டெய்னரை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். திருட்டு பயம் உள்ள இடம் என்றாலும் கன்டெய்னர்தான் சரி. மற்றபடி, புதுத் தம்பதிக்கு நான் மரத்தையே சொல்வேன். எதுவானாலும் நகராட்சியில் வரைபட அனுமதி பற்றிக் கேட்டுவிட்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.