நாயின் பல் பராமரிப்புத் தொகுப்பு: ஒரே ஒரு பல்லை வைத்து ஒரு மதிப்பீடு

நாய்களுக்கான பல் துலக்கும் தொகுப்பை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் நாய்க்கு ஒரு பல்லை அகற்றிவிட்டு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன் என்பதால், இதில் நியாயம் எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்பதை வாசிப்பவரே பிரித்துக்கொள்ள வேண்டும். விரலில் மாட்டும் சிலிக்கோன் உறை, நீண்ட கைப்பிடி கொண்ட பிரஷ், இறைச்சிச் சுவையூட்டிய பற்பசை, மென்று கடிக்க இலவசமாக ஒரு குளம்புத் துண்டு என்று அந்தத் தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சில ஆண்டுகளாக அவற்றைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், ஒரே ஒரு பல்லை அளவுகோலாக வைத்து அவற்றை மதிப்பிடுகிறேன்.

நாய்க்கு நிரந்தரப் பற்கள் 42. அவற்றுள் மேல்தாடையின் இருபுறமும் இருக்கும் நான்காம் முன்கடைவாய்ப் பல்தான் நான் சொல்லவரும் பல். மூன்று வேர்களைக் கொண்ட இந்தப் பெரிய பல், கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லோடு கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல உரசி உணவை அறுக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் உமிழ்நீர் நாளம் திறக்கும் இடமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. உமிழ்நீரில் உள்ள தாது உப்புகள் இதன் வெளிப்பக்கத்தில் தாராளமாகப் படிவதால், வாயில் வேறெங்கும் காரை, அதாவது பல்லில் இறுகிப்போன படிவு, தெரியாதபோதும் இந்தப் பல்லில் பழுப்பு நிறம் ஏறியிருக்கும். ஆனால் கன்னத்தை விலக்கிப் பார்க்காதவர் கண்ணில் அது படாது. முன்பற்களின் வெண்மையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவோம்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். பற்பசை மிக நன்றாக இருக்கிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ், லாக்டோபெராக்சிடேஸ் ஆகிய நொதிகள் சேர்ந்த இந்தப் பசை நுரைப்பதில்லை, வாய் கொப்பளிக்க வேண்டியதில்லை, விழுங்கினாலும் கெடுதலில்லை. நாம் பயன்படுத்தும் பற்பசையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள ஃபுளோரைடும் நுரைப்பொருளும் விழுங்குவதற்கானவை அல்ல. சைலிட்டால் கலந்திருந்தால் நாயின் இரத்தச் சர்க்கரை திடீரென்று வீழும், கல்லீரலும் கெடலாம். எங்கள் நாய் பிரஷைக் கண்டால் நகர்ந்துகொள்ளும். பசைக் குழாயின் மூடி திறக்கும் ஓசை கேட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடிவரும். இந்த ஒரு காரணத்தாலேயே துலக்கும் வேலை எங்கள் வீட்டில் நிலைத்தது. ஆயினும் பசை ஆளைக் கூட்டிவரும் வேலையைத்தான் முக்கியமாகச் செய்கிறது. பல்லில் ஒட்டும் பாக்டீரியாப் படலத்தைப் பிரிப்பது பிரஷின் இழைகள்தான்.

அந்தப் படலம் பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே மறுபடி உருவாகத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாட்களில் தாது உப்பு ஏறிக் காரையாக இறுகுகிறது. இறுகியபின் எந்த பிரஷாலும் அதை எடுக்க முடியாது. எனவே தினமும் துலக்குவதே முறை. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பது குறைந்தபட்சம். வாரத்துக்கு ஒரு முறை துலக்குவது நம் மனத்திருப்திக்கு மட்டுமே உதவும்.

இனி விரல் உறைக்கு வருகிறேன். என் பொறுமையை இத்தனை காலமாகச் சோதித்த பொருள் இதுதான். சிறிய இன நாயின் கன்னத்துக்கும் பின்பல்லுக்கும் இடையே இருக்கும் இடம் மிகக் குறுகலானது. அங்கே ஒரு விரலையும் அதன்மேல் தடித்த சிலிக்கோனையும் திணித்தால், நான் மேலே சொன்ன பல்லை எட்டுவதற்கு முன்பே வாய் நிறைந்துவிடும். எட்டினாலும், அதன் மழுங்கிய முட்கள் ஈறும் பல்லும் சேரும் விளிம்புக்குள் நுழைவதில்லை. நோய் தொடங்குவதோ அந்த விளிம்பில்தான். பல் நோய்க்கு அதிகம் ஆளாகும் சிறிய இனங்களுக்கே இந்த உறை பொருந்தவில்லை என்றால், இதை யாருடைய வாயை அளந்து செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நீண்ட கைப்பிடி பிரஷின் தலையும் எங்கள் நாய்க்குப் பெரிதாகவே இருந்தது. கடைசியில் கைகொடுத்தது, குழந்தைகளுக்கான மிக மென்மையான, சின்னத் தலையுள்ள சாதாரண பிரஷ். வாயைத் திறக்க வைக்காமல் கன்னத்தை மட்டும் சற்று வெளியே இழுத்து, இழைகளை ஈற்று விளிம்பை நோக்கி 45 பாகை சாய்த்து, ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் தேய்த்தால் போதும். உட்பக்கத்தைப் பெருமளவு நாக்கே பார்த்துக்கொள்ளும்.

மெல்லும் துண்டைப் பற்றி நிதானமாக எழுத முயல்கிறேன். அதன் பொட்டலத்தின் மேல் பளபளக்கும் பல்லின் படம் அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருப்பதோ கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதியாத அளவுக்குக் கடினமான குளம்பு. நகம் பதியாத எதையும் மெல்லக் கொடுக்க வேண்டாம் என்பது கால்நடைப் பல் மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை. நாயின் பல் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. கடினமானதைக் கடிக்கும்போது மேல்தாடையின் அந்த நான்காம் முன்கடைவாய்ப் பல்லில்தான் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்வது வழக்கம். மெல்லும் பொருள்தான் வேண்டுமென்றால், வி.ஓ.எச்.சி. எனப்படும் கால்நடை வாய்நலக் குழுவின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 1997 முதல் இயங்கும் அந்தக் குழு பொருள்களைத் தானே சோதிப்பதில்லை. தயாரிப்பாளர் நடத்திய சோதனைகளின் தரவை ஆராய்ந்து, படலத்தையோ காரையையோ அது குறைக்கிறதா என்று பார்த்து முத்திரை தருகிறது. எங்களுக்கு வந்த துண்டில் அந்த முத்திரை இல்லை.

இடையில், நாய்களுக்கு முடி திருத்தும் நிலையம் ஒன்றில் மயக்க மருந்து இல்லாமலே ஸ்கேலிங், அதாவது காரையைச் சுரண்டி எடுப்பது, செய்து தந்தார்கள். அந்தப் பல் பால்போல் வெளுத்தது. உண்மையில் அங்கே சுரண்டப்பட்டது கண்ணுக்குத் தெரியும் முகம் மட்டுமே. விழித்திருக்கும் நாயின் ஈற்றுக்கு அடியில் கருவியைச் செலுத்த முடியாது. நிபுணர்களின் அமைப்பான அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி இம்முறையை ஏற்காததற்கும் இதுவே முக்கியக் காரணம். நோயை அப்படியே விட்டுவிட்டு அதன் அடையாளத்தை மட்டும் துடைத்தெடுக்கும் இந்தச் சேவைக்குப் பணம் வாங்குகிறார்கள்.

மருத்துவமனையில் நடந்தது வேறு. இரத்தப் பரிசோதனைக்குப் பின் மயக்க மருந்து கொடுத்து, நீரும் துகளும் நுரையீரலுக்குள் போகாதபடி சுவாசக் குழாய் பொருத்தி, உடல் சூடு இறங்காமல் போர்த்தி, ஈற்றுக்கு அடிவரை மீயொலிக் கருவியால் சுத்தம் செய்து மெருகேற்றினார்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்தார்கள். நாய்க்கு 3 மில்லிமீட்டர் வரை இயல்பானது. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே மிக வெண்மையாக இருந்த அதே பல்லில் மெல்லிய பெயர்ப்பு. அதன் ஒரு வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்த கருநிழல். வேரில் பிடித்த சீழ் முற்றிக் கண்ணுக்குக் கீழே வீக்கம் வருவதற்கு முன்பே தெரிந்தது நல்லதாயிற்று. நாய் ஒரு வேளைகூட உணவைத் தவிர்த்ததில்லை. வலிக்காத பக்கமாக மென்று சமாளித்திருக்கிறது. வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றும் வழியும் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். சீழ் பிடித்திருந்ததால் நாங்கள் அகற்றவே ஒப்புக்கொண்டோம். பல்லை மூன்றாக அறுத்து, வேர் வேராக எடுத்தார்கள். குளம்புதான் காரணம் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமில்லை.

நியாயமாகப் பார்த்தால், மற்ற 41 பற்களின் ஈறும் ஆரோக்கியமாக இருந்ததற்குத் தினசரித் துலக்கலே காரணம் என்று அதே மருத்துவர்தான் சொன்னார். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது இந்தத் தொகுப்பின் பற்பசை. கூட்டிக் கழித்தால் ஐந்துக்கு மூன்று மதிப்பெண்ணாவது கொடுக்க வேண்டும். ஒன்றுதான் கொடுக்கிறேன். பசை தனியாகவும் கிடைக்கிறது. நண்பர் அதையும் ஒரு குழந்தை பிரஷையும் வாங்கிக்கொள்ளட்டும், மிச்சப்படும் பணத்தை எக்ஸ்ரேவுக்கு வைத்துக்கொள்ளட்டும். எங்கள் நாயின் மறுபக்கத்து நான்காம் முன்கடைவாய்ப் பல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. அடுத்த ஆண்டு அதற்கு மறுபடி எக்ஸ்ரே எடுப்பதாக முடிவாகியிருக்கிறது.