போத்தலில் பிறந்த வசம்பு: ஐம்பதும் ஒன்றாக வந்ததா?

போன வருடம் பண்டாரவளைப் பக்கம் ஒரு நாற்றுமேடையில் இழைய வளர்ப்பு வசம்புக் கன்று, அதாவது ஆய்வுகூடப் போத்தலில் சிறு துண்டிலிருந்து வளர்த்தெடுத்த கன்று, ஐம்பது வாங்கினேன். ஒன்று 120 ரூபா. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

"எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி வரும் டீச்சர்" என்றார் விற்ற தம்பி. அப்பா வேலை செய்த தோட்டத்தில் வீ.பி. தேயிலை (விதையில்லாமல் வெட்டுத்துண்டில் பெருக்கியது) மலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு கணுவும் ஒரு இலையுமாக வெட்டி நட்டதெல்லாம் தாய்ச்செடியை உரித்து வைத்திருக்கும். அந்த நினைப்பில் நம்பிவிட்டேன்.

முதல் வாரமே நான்கு செத்தன. என் அவசரம் பாதிக் காரணம். போத்தலுக்குள் ஈரத்திலேயே வளர்ந்த இலையில் மெழுகுப் படை மெல்லிசு, இலைவாய் என்கிற நுண்துளையும் சரியாக மூடாது. பொலித்தீன் மூடி, நிழலில் வைத்து, மெல்ல மெல்லக் காற்றுக்குப் பழக்கியிருக்க வேண்டும். மிச்சத்தில் ஆறேழு கன்று புல் மாதிரி மெலிந்த குருத்தாகத் தள்ளியது. குருத்து பெருகப் போடும் ஓமோன் ஊட்டத்தின் வேலையாக இருக்கும் என்று விட்டுவைத்தேன். நாலு மாதத்தில் அவை மற்றதோடு சேர்ந்துகொண்டன.

ஆனால் இரண்டு மட்டும் இலையில் வெள்ளைக் கோடு போட்டன. சத்துக் குறை என்று நினைத்து மாட்டெரு வைத்தேன், கோடு போகவில்லை. கிழங்கைப் பிரித்து வேறு பாத்தியில் நட்டேன், புதுக் குருத்திலும் அதே கோடு. அப்படியென்றால் கோளாறு மண்ணில் இல்லை, கலத்துக்குள்ளேயே இருக்கிறது. 1981இல் லார்கின், ஸ்கௌகுரொப்ட் என்ற இருவர், இழைய வளர்ப்பில் வந்த செடி இப்படித் தாயிலிருந்து மாறுவதற்கு சோமாகுளோனல் மாற்றம் என்று பெயர் வைத்தார்கள். மொட்டிலிருந்து நேரே குருத்து எடுத்தால் இது குறைவு. கலசு என்கிற உருவமில்லாத கலக்கட்டி வழியாகப் போனாலோ, போத்தல் மாற்றி மாற்றிப் பல சுற்றுப் பெருக்கினாலோ கூடும். நிறமூர்த்த எண்ணிக்கையே மாறிப்போவதும் உண்டு.

வசம்பில் அது விளையாட்டுக் காரியமில்லை. நிறமூர்த்தத் தொகுதி இரண்டு உள்ள இருமடிய வசம்பில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் கிடையாது, நான்கு தொகுதி உள்ள நான்மடியத்தில் நிறைய. வசம்பு எண்ணெய் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கவே தடை போட்டார்கள். இலையைக் கசக்கி முகர்ந்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.

திரும்பப் போய், மொட்டா கலசா, எத்தனை சுற்று என்று கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தார். "அது லெப்காரவங்களுக்குத்தான் தெரியும் டீச்சர்." செத்ததற்குப் பதிலாக நான்கு கன்று கொடுத்தார், அது நல்ல மனசு. கன்றில் அழுகலோ புழுவோ இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் கிழங்கு கேட்டு அலைந்தால் ஐந்து கிடைப்பதே பெரிய காரியம். கன்றுக்கு ஐந்துக்கு மூன்று புள்ளி தருவேன். சுற்று எத்தனை என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டினால் நான்கு.

கோடு போட்ட இரண்டும் வாசல் தொட்டியில் நிற்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. மருந்துக்கு மட்டும் அவற்றைத் தொட மாட்டேன்.