கோத்தகிரியில் இடைக்காலப் படங்கள்: போய்ப் பார்க்கலாமா?

கோத்தகிரியில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்கள் சனி, ஞாயிறு இரவுகளில் படம் போடுகிறார்கள். ஆளுக்கு 500 ரூபாய், சாப்பாடும் படம் முடிந்த பிறகு ஒரு உரையாடலும் அதிலேயே சேர்த்தி. இந்த முறை எடுத்துக்கொண்டது இடைக்கால வாழ்க்கையின் கொடுமையைக் காட்டும் சரித்திரப் படங்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் ஸ்வெட்டரை நம்பாதீர்கள், கம்பளி கொண்டுபோங்கள்.

சனிக்கிழமை ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் 'தி செவன்த் சீல்' (1957), கொள்ளைநோய் பரவிய 14ஆம் நூற்றாண்டு ஸ்வீடன். தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டு வரும் கூட்டம், சூனியக்காரி என்று எரிக்கப்படும் சின்னப் பெண், இரண்டுமே மனசைப் பதற வைக்கும். ஆனால் ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்தது பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில். உரையாடலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "அந்தக் காலம் அப்படித்தான்" என்று கடந்துவிட்டார்கள். எந்தக் கொடுமையாக இருந்தாலும் இடைக்காலத்தின் தலையில் கட்டிவிடும் இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. சேறு அப்பிய முகமும் கந்தலும் காட்டினால்தான் உண்மை என்கிற நினைப்பும் அப்படித்தான், அந்த மக்களும் குளித்தார்கள், செடிகளின் வேரிலும் இலையிலும் எடுத்த சிவப்பு, நீலச் சாயத் துணிகளை ஆசையாக உடுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்காக மட்டுமே 500 ரூபாய் கொடுக்கலாம். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்த்ரே ரூப்லேவ்' (1966), 15ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் அந்தப் பெயரில் வாழ்ந்த தேவாலய ஓவியரைப் பற்றியது. அதன் கடைசிப் பகுதியில், கொள்ளைநோயில் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பையன், மணி வார்க்கும் ரகசியத்தை அவர் தன்னிடம் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்லி அரசனின் வேலையைப் பிடிக்கிறான். மணி ஒலிக்கவில்லை என்றால் தலை போகும். சரியான களிமண் தேடி மழையில் அலைகிறான், பெரியவர்களை அதட்டுகிறான், தூங்காமல் நிற்கிறான், கடைசியில் மணி ஒலித்ததும் சேற்றில் விழுந்து அழுகிறான், அப்பா எதையுமே சொல்லிக்கொடுக்கவில்லை என்று. வாளும் ரத்தமும் காட்டாமலே, மேலே இருப்பவன் நினைத்தால் உயிர் போய்விடும் என்ற பயத்தில் ஒருவன் கைவேலை செய்வது எப்படி இருக்கும் என்பது அந்தப் பகுதியில் முழுசாகப் புரிகிறது.

அதே படத்தில் படையெடுப்புக் காட்சியில் ஒரு குதிரை படிக்கட்டிலிருந்து உருண்டு விழும். அது நிஜக் குதிரை, கசாப்புக்கூடத்திலிருந்து கொண்டுவந்து படப்பிடிப்பில் கொன்றார்கள். இதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் பாதியில் எழுந்து போனது. கொடுமையைக் காட்ட இன்னொரு உயிரைத் துடிக்க வைக்கக் கூடாது, எவ்வளவு பெரிய கலைஞனாக இருந்தாலும் சரி.

அன்றைய உரையாடல் நன்றாக இருந்தது. 1117ஆம் வருடக் கல்வெட்டு ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள், கர்நாடகத்தை ஆண்ட ஹொய்சள அரசன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களை நடுங்க வைத்து நீலமலையை, அதாவது நீலகிரியைப் பிடித்ததாகப் பெருமை பேசும் கல்வெட்டு. நடுங்கியவர்கள் சொன்ன ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துத் திருப்பாம்புரம் கல்வெட்டு: பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் ஒருவர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். நம் சோழர் படங்களில் யானை வருகிறது, நகை வருகிறது, போர் வருகிறது, இந்த அப்பாவும் மகள்களும் வருவதே இல்லை. யாராவது அவர்களை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், நிஜமாகவே ஏங்குகிறேன்.

சாப்பாடு ராகிக் களியும் அவரைக் குழம்பும், சூடாக, கேட்கக் கேட்கப் போட்டார்கள். பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் கிராமம்) வந்திருந்த ஒரு அம்மா, உருளைக்கிழங்கும் முட்டைகோஸும் தேயிலையும் வெள்ளைக்காரர்கள் வந்த பிறகுதான் இந்த மலைக்கு வந்தன, அதற்கு முன்னால் ராகி, சாமை விளையாத வருடம் பட்டினிதான் என்றார். அவரை இன்னும் பேச விட்டிருக்கலாம், மணி ஆகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான், பின் வரிசையில் சரியாகத் தெரியாது, முன்னால் உட்காருங்கள். ரூப்லேவ் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், உரையாடல் முடிய நடுராத்திரி ஆகிவிட்டது, குன்னூருக்குப் பஸ் கிடைக்கவில்லை. அங்கேயே தங்கப்போவதில்லை என்றால் திரும்பி வர முன்னாடியே ஜீப் பேசி வையுங்கள்.