ஆறு மாசமா போட்டு விளையாடின ஃபுட்பால் கீப்பர் கிளவ்ஸ், கூடவே அத வாங்க வச்ச பெகோவிச் பத்தியும் கொஞ்சம்

ஆறு மாசம் முழுசா போட்டாச்சு, இப்பதான் இத பத்தி எழுத எனக்கு உரிமை இருக்குன்னு தோணுது. வாங்கின ரெண்டாம் நாளே எழுதுற கிளவ்ஸ் ரிவ்யூவ நான் நம்புறதே இல்ல, ஏன்னா கீப்பர் கிளவ்ஸ் எதுவா இருந்தாலும் புதுசுல நல்லாத்தான் இருக்கும், பந்து வந்து அப்படியே உள்ளங்கைல ஒட்டிக்கும், நாலாவது அஞ்சாவது வாரம்தான் சாயம் வெளுக்கும். பிராண்டு பேரு போடல. இதே மாதிரி நெறைய கம்பெனி போடுறாங்க, நான் சொல்லப்போறது அநேகமா எல்லாத்துக்கும் பொருந்தும். நெகட்டிவ் கட் (தையல் உள்பக்கம் இருக்குற வகை), உள்ளங்கைல 4 மிமீ காண்டாக்ட் லேடெக்ஸ் (பந்து நல்லா ஒட்டுற ரப்பர்), விரல் முதுகுல கழட்டி மாட்டுற மாதிரி ஃபிங்கர்சேவ் பட்டை (விரலுக்கு பாதுகாப்பு), மணிக்கட்ட சுத்தி ஒரு அகலமான ஸ்ட்ராப். இந்த நாலும் இருக்குற எந்த கிளவ்ஸ் வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே அனுபவம்தான் வரும்.

நான் வார இறுதில ஆடுற ஒரு டீம்ல ரெண்டாவது கீப்பர். முதல் கீப்பர் ஒரு அண்ணன், எட்டு வருஷமா அவருதான் நிக்கிறாரு, நல்லாவும் நிக்கிறாரு, அதனால எனக்கு மேட்ச் கிடைக்கிறது அவருக்கு காய்ச்சல் வந்தாதான். இது தெரிஞ்சவங்களுக்குத்தான் போஸ்னியாவுக்கு கோல்ல நின்ன அஸ்மிர் பெகோவிச்ச ஏன் எனக்கு இவ்வளவு பிடிக்கும்னு புரியும். ஃபார்வர்டு ஆடுறவன் சரியா ஆடலன்னா விங்ல போடுவாங்க, கடைசி இருபது நிமிஷம் இறக்கி விடுவாங்க, ஏதோ ஒரு வழி இருக்கும். கீப்பருக்கு ஒரே ஒரு இடம். அதுல ஒருத்தர் உக்காந்துட்டா பத்து வருஷம் எந்திரிக்க மாட்டாரு. ரெண்டு நாட்டு தொடர்பு இருக்குற கீப்பருக்கு எந்த நாட்டுக்கு ஆடுறதுன்னு எடுக்குற முடிவு மத்த பிளேயர்ஸ விட பெரிய முடிவுன்னு நான் நெனைக்கிறது அதனாலதான். மனசுல இருக்குற பாசம் ஒரு பக்கம், அந்த நாட்டு கோல்ல இடம் காலியா இருக்கான்னு பாக்குறது இன்னொரு பக்கம், ரெண்டுமே நியாயமான கேள்விதான்.

பெகோவிச் 1987ல ட்ரெபின்யேல பொறந்தவரு. அப்ப அது யூகோஸ்லாவியா, இப்ப போஸ்னியா ஹெர்சகோவினா. அப்பாவும் கோல்கீப்பர். போர் வந்தப்ப இவருக்கு நாலு வயசு, குடும்பமே கெளம்பி ஜெர்மனிக்கு போயிடுச்சு, அங்க சில வருஷம் இருந்துட்டு பத்து வயசு வாக்குல கனடால எட்மன்டனுக்கு போனாங்க. 2007ல 20 வயசுக்கு உட்பட்டவங்களுக்கான உலகக்கோப்பை கனடாவுலயே நடந்துச்சு, சொந்த மண்ணுல கனடாவுக்கு கோல்ல நின்னவரு இவருதான், மூணு மேட்சும் தோத்தாங்க, கனடா ஒரு கோல் கூட போடல. அதுக்கப்புறம் சீனியர் டீமுக்கு கூப்பிட்டாங்க, ஆனா ஒரு மேட்ச் கூட ஆடல. 2009 ஜூன்ல ஃபிஃபா நாடு மாறுறதுக்கு இருந்த 21 வயசு வரம்ப எடுத்துட்டாங்க, அதுவரைக்கும் ஒரு நாட்டுக்கு யூத் லெவல்ல ஆடினவங்க 21 தாண்டிட்டா வேற நாட்டுக்கு மாற முடியாது. அதே வருஷம் இவரு போஸ்னியான்னு முடிவு பண்ணிட்டாரு, அக்டோபர்ல எஸ்டோனியாவுக்கு எதிரா முதல் மேட்ச். கனடா ரசிகர்களுக்கு அந்த கோவம் ரொம்ப நாள் ஆறல, அவங்க பக்கமும் எனக்கு புரியுது, வளத்து விட்ட வீடு இல்லையா. ஆனா நாலு வயசுல ஊர விட்டு ஓடி வந்தவன் திரும்ப அந்த ஊருக்காக நிக்கணும்னு ஆசப்படுறத எப்படி தப்புன்னு சொல்றது?

சரி, கிளவ்ஸுக்கு வரேன். இந்த மனுஷன் சொந்தமாவே ஒரு கீப்பர் கிளவ்ஸ் பிராண்டு வச்சிருக்காருன்னு படிச்சதுல இருந்துதான் எனக்கு கிளவ்ஸ்ல என்னென்ன வகை இருக்குன்னு தேடிப் பாக்குற ஆர்வமே வந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் போட்டது எல்லாம் ஃபிளாட் கட், தையல் வெளிப்பக்கம் இருக்கும், உள்ள கை லூசா இருக்கும், காத்து வரும், ஆனா பந்த புடிக்கும்போது விரல் எங்க முடியுது கிளவ்ஸ் எங்க முடியுதுன்னே தெரியாது. நெகட்டிவ் கட்ல தையல் உள்பக்கம் இருக்கும், அதனால விரல ஒட்டின மாதிரி உக்காரும். முதல் ரெண்டு நாள் இறுக்கமா இருந்துச்சு, கைய உள்ள விடவே கொஞ்சம் போராடணும், நகம் வேற நீளமா இருந்தா உள்துணி கிழிஞ்சிடும், வெட்டிக்கோங்க. மூணாவது நாள்ல இருந்து கையோட சேந்த மாதிரி ஆயிடுச்சு. தரைல உருண்டு வர்ற பந்த குனிஞ்சு அள்ளும்போது முன்னல்லாம் ஒரு தடவையாவது நழுவும், இப்ப அது நல்லாவே கொறஞ்சிருக்கு.

கிரிப் எப்படின்னா, ஈரமா இருந்தா மட்டும்தான் அருமை. இத நிறைய பேரு புரிஞ்சுக்காம புது கிளவ்ஸ பையில இருந்து எடுத்து அப்படியே மாட்டிட்டு போயி வழுக்குதுன்னு திட்டுறாங்க. புது லேடெக்ஸ் மேல தயாரிக்கும்போது படிஞ்ச ஒரு பூச்சு இருக்கும், முதல் தடவ போடுறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில நல்லா அலசி லேசா பிழிஞ்சு காய வைக்கணும், அப்புறம் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னாடி உள்ளங்கைய மட்டும் ஈரப்படுத்தணும். டிவில கீப்பருங்க கிளவ்ஸ்ல எச்சி துப்பி தேய்க்கிறது பழக்கதோஷம் இல்ல, லேடெக்ஸுக்கு ஈரம் வேணும், அவ்வளவுதான். பாதி மேட்ச்ல காஞ்சிடும், அதனால கோல் போஸ்ட் பக்கத்துல ஒரு தண்ணி பாட்டில் எப்பவும் இருக்கட்டும்.

ஃபிங்கர்சேவ் பட்டைய பத்தி எனக்கு ரெண்டு மனசு. விரல் பின்னாடி மடங்காம தடுக்கும், அது நல்ல விஷயம், எனக்கு முன்னாடி ஒரு தடவ சுண்டுவிரல் பிசகி மூணு வாரம் உக்காந்திருக்கேன். ஆனா பந்த புடிக்கும்போது விரல் இயல்பா வளைய வேண்டிய இடத்துல ஒரு விறைப்பு வருது. கடைசில சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் மட்டும் பட்டைய விட்டுட்டு மத்ததெல்லாம் உருவிட்டேன், இப்ப சரியா இருக்கு. கழட்ட முடியாத மாடல் வாங்காதீங்க.

எதுக்கு இவ்வளவு நுணுக்கம்னு கேக்கலாம். மேட்ச்ல கீப்பர் தொடுற பந்து கொஞ்சம்தான், ஆனா ஒவ்வொண்ணும் எழுதி வைக்கப்படும். பெகோவிச் 2013 நவம்பர் 2 அன்னைக்கு இங்கிலாந்து கிளப் ஸ்டோக் சிட்டிக்காக சவுத்தாம்ப்டனுக்கு எதிரா மேட்ச் ஆரம்பிச்ச 13வது செகண்டுல தன்னோட பாக்ஸ்ல இருந்து ஓங்கி ஒரு உதை விட்டாரு, காத்து புடிச்சு பந்து அந்தப் பக்கம் போயி குத்தி எதிர் கீப்பர் ஆர்த்தர் போருக் தலைக்கு மேல எகிறி கோலுக்குள்ள போயிடுச்சு. 91.9 மீட்டர், அப்ப அது கின்னஸ் சாதனை. 2021 ஜனவரில நியூபோர்ட் கவுன்டி கீப்பர் டாம் கிங் 96.01 மீட்டர்ல முறியடிச்சாரு. எனக்கு அந்த வீடியோல புடிச்சது கோல் இல்ல, அதுக்கப்புறம் அவரு கொண்டாடவே இல்ல, எதிர்ல நிக்கிறதும் ஒரு கீப்பர்தானேன்னு. நூறு தடவ பாத்திருப்பேன்.

ஸ்டோக்குக்கு வர்றதுக்கு முன்னாடி பெகோவிச் அலைஞ்சது கொஞ்சமில்ல. போர்ட்ஸ்மவுத்ல சேந்து, பெல்ஜியம், மேக்கிள்ஸ்ஃபீல்டு, போர்ன்மவுத், யோவில், இப்ஸ்விச்னு லோன்லயே, அதாவது தற்காலிகமா வேற கிளப்புக்கு ஆடியே சுத்தினாரு. 2010ல ஸ்டோக், 2014ல போஸ்னியாவோட முதல் உலகக்கோப்பை, மரக்கானால அர்ஜென்டினாவுக்கு எதிரா மூணாவது நிமிஷமே சொந்த டீம் பையன் கொலாசினாக் கால்ல பட்டு கோல், அதுக்கு மேல மெஸ்ஸி ஒண்ணு. கடைசி மேட்ச்ல ஈரானை 3-1னு ஜெயிச்சாங்க. 2015ல செல்சீ போனப்ப அங்க முதல் கீப்பரா கோர்ட்வா இருந்தாரு, மறுபடியும் பெஞ்ச். எவர்ட்டன்ல பிக்ஃபோர்டுக்கு பின்னாடி. ஆனா நாட்டுக்கு 63 மேட்ச், அது யாராலயும் எடுக்க முடியாது.

ரெண்டு நாட்டு தொடர்பு இருக்குற கீப்பருங்கன்னா இன்னொரு மேட்ச் சொல்லியே ஆகணும். 2022 டிசம்பர் 1, உலகக்கோப்பைல கனடா எதிர் மொராக்கோ. மொராக்கோ கோல்ல யாசின் பூனு, அவரு பொறந்தது கனடாவோட மான்ட்ரியல்ல. கனடா கோல்ல மிலன் போர்யான், அவரு பொறந்தது க்னின்ல, இப்ப அது குரோஷியா, செர்பிய குடும்பம், போர்ல ஊர விட்டு வந்து கனடால குடியேறினவங்க. நாலு நாள் முன்னாடிதான் அதே குரோஷியாவுக்கு எதிரா ஆடி 4-1னு தோத்து, ஸ்டாண்டுல இருந்து பொறந்த ஊர சொல்லி அவர அசிங்கமா திட்டினாங்க, அதுக்கு ஃபிஃபா குரோஷிய சங்கத்துக்கு அபராதம் போட்டுச்சு. அந்த மனநிலையோட வந்து மொராக்கோவுக்கு எதிரா நாலாவது நிமிஷம் பாக்ஸுக்கு வெளிய வந்து தவறா உதைச்ச பந்த மொராக்கோவோட ஜியேச் தூக்கி உள்ள போட்டாரு. அத பாக்குறப்ப எனக்கு வயித்த பிசைஞ்சுது. பூனு பக்கம் என்னன்னா, செமி ஃபைனல் வரைக்கும் மொராக்கோ வாங்கின ஒரே கோல் இந்த மேட்ச்லதான், அதுவும் சொந்த டீம் அகெர்டோட செல்ஃப் கோல். அஞ்சு நாள் கழிச்சு ஸ்பெயினோட பெனால்டி ஷூட்அவுட்ல சோலெர், புஸ்கெட்ஸ் ரெண்டு பேரையும் தடுத்தாரு, சரபியா போஸ்ட்ல அடிச்சாரு, ஸ்பெயினால ஒண்ணு கூட போட முடியல.

திரும்ப கிளவ்ஸ். இதோட பெரிய குறை ஆயுசு. காண்டாக்ட் லேடெக்ஸ் எவ்வளவு ஒட்டுதோ அவ்வளவு சீக்கிரம் தேயும், அது அந்த பொருளோட குணம், கம்பெனிய குத்தம் சொல்ல முடியாது. எனக்கு ரெண்டாவது மாசத்துலயே வலது உள்ளங்கையோட அடிப்பகுதில உரிய ஆரம்பிச்சுது, நான் டைவ் அடிச்சுட்டு எந்திரிக்கும்போது உள்ளங்கைய தரைல ஊணுற பழக்கம்தான் காரணம்னு அப்புறம் கவனிச்சேன். முஷ்டிய ஊணி எந்திரிங்க, பாதி தேய்மானம் கொறையும். செயற்கை புல் டர்ஃப்ல ஆடினா இன்னும் மோசம், அந்த ரப்பர் துகள் உப்புத்தாள் மாதிரி அரிக்கும். அதனால பிராக்டிஸுக்கு என் பழைய ஃபிளாட் கட், மேட்ச்சுக்கு மட்டும் இது. ஒரே ஜோடிய ரெண்டுக்கும் போடுறவங்களுக்கு இத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், அவங்க கொஞ்சம் கிரிப் கம்மியா இருந்தாலும் உழைக்கிற லேடெக்ஸா பாத்து வாங்கிக்கோங்க.

துவைக்கிறது ரொம்ப முக்கியம். வியர்வையோட பையில போட்டு மூடினீங்கன்னா ரெண்டே நாள்ல நாத்தம், லேடெக்ஸும் கெட்டுப்போகும். வெதுவெதுப்பான தண்ணில கைலயே மாட்டிக்கிட்டு கை கழுவுற மாதிரி தேச்சு கழுவுங்க, முறுக்கி பிழியாதீங்க, வெயில்ல போடாதீங்க, ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க, வெடிச்சிடும். நெழல்ல தொங்க விட்டா ஒரு நாள்ல காஞ்சிடும். உள்ளங்கை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா இழுத்து பிரிக்காம ஈரப்படுத்தி மெதுவா பிரிங்க, நான் அவசரத்துல இழுத்து ஆள்காட்டி விரல் நுனிய பிச்சுக்கிட்டேன்.

சைஸ்தான் நான் பண்ண ஒரே தப்பு. கட்டைவிரல விட்டுட்டு உள்ளங்கைய சுத்தி அளந்து சார்ட்ல பாத்து அப்படியே வாங்கினேன், நெகட்டிவ் கட் இறுக்கம்ங்கிறதால அரை சைஸ் கூட எடுத்திருக்கணும். விரல் நுனிக்கும் கிளவ்ஸ் நுனிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கணும், விரல் நேரா போயி முட்டினா தையல் விட்டுடும். ஸ்ட்ராப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு, இன்னும் ஒட்டுது.

போன வாரம் அண்ணன் தன்னோடத மறந்து வச்சுட்டு வந்துட்டாரு, என் கிளவ்ஸ குடுத்தேன், பாதிய புடிச்சு இழுத்துத்தான் மாட்டினாரு. மேட்ச் முடிஞ்சு திருப்பி குடுக்கும்போது கழுவியே குடுத்தாரு, அடுத்த தடவ ஆர்டர் போடும்போது எனக்கும் ஒரு ஜோடி, ஒரு சைஸ் பெருசான்னு சொல்லிட்டு போனாரு.