வகுப்பறைக்குள் வந்து அமரும் பயிற்றுநர்கள்: வெள்ளவத்தைச் சனிக்கிழமைப் பயிற்சி பற்றிய மதிப்பீடு

கொழும்பில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. பயிற்சி முடிந்த பிறகு வகுப்பறையில் என்ன மாறியது என்று வந்து பார்ப்பதற்குத்தான் ஆளில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஓய்வுபெற்ற அதிபர்களும் முன்னாள் ஆசிரிய ஆலோசகர்களும் உளவளத்துணையாளர் ஒருவரும் சேர்ந்து நடத்தும் சனிக்கிழமைப் பயிற்சி இந்தக் குறையை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் நடத்தும் மாலைநேரக் கற்கை நிலையத்திலிருந்து ஆசிரியர்களையும், பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்றுவரும் இளைஞர் உதவியாளர்களையும் ஒரு தவணை முழுவதும் அங்கே அனுப்பினோம். நானும் உடனிருந்து பார்த்தேன்.

இதற்கு முன்னர் எங்கள் ஆசிரியர்கள் சென்ற ஒரு பயிற்சியை இங்கே குறிப்பிட வேண்டும். அது நகரின் பெரிய ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் நடந்தது. திரையில் ஓடியவை ஆங்கிலத்தில் இருந்தன. கையில் தரப்பட்ட தமிழ்ப் பிரதியோ, மூலத்தை அருகில் வைத்துக்கொண்டு வாசித்தால் மட்டுமே விளங்கக்கூடியதாக இருந்தது. மாலையில் எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது, அதன் பிறகு எவரும் எங்களைத் தொடர்புகொள்ளவில்லை. அங்கே சொல்லப்பட்டவற்றில் பிழை இல்லை. ஆனால் புதிய முறையொன்றை விளக்கிச் சொல்வதாலும் செய்து காட்டுவதாலும் மட்டும் அது ஆசிரியரின் அன்றாடக் கற்பித்தலில் நிலைப்பதில்லை என்பதையும், வகுப்பறையிலேயே கூடவிருந்து தொடர்ந்து துணைநிற்கும்போதுதான் அது வேரூன்றுகிறது என்பதையும் புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒருநாள் கருத்தரங்கையே பயிற்சி என்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

வெள்ளவத்தைக் குழு சனிக்கிழமைகளில் கற்றுத்தருவது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு அவர்கள் வார நாட்களில் நம் இடத்துக்கே வருகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானம் கற்பித்த மூத்த ஆசிரியை ஒருவர், எங்கள் தரம் 8 வரலாற்று வகுப்பில் கடைசி வாங்கில் போய் அமர்ந்தார். அவர் கையில் மதிப்பெண் படிவம் எதுவும் இருக்கவில்லை. வகுப்பின் இருக்கை ஒழுங்கை ஒரு தாளில் பென்சிலால் வரைந்து, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடும், அந்தப் பிள்ளை விடை சொன்னால் ஒரு புள்ளியும் இட்டுக்கொண்டே வந்தார். ஓரத்தில், கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையில் சென்ற செக்கன்களைக் குறித்தார். பாடம் முடிந்ததும் அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுத்து, "டீச்சர், இதை முதலில் நீங்களே பாருங்கள், பிறகு கதைப்போம்" என்றார். முன்வரிசைக் கட்டங்கள் கோடுகளால் நிறைந்திருந்தன; சுவரோரமாக இருந்த ஒரு நிரல் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. அந்த நிரலில் இருந்த பிள்ளைகளின் பெயர்களை எங்கள் ஆசிரியர் ஒவ்வொன்றாகத் தாமே எழுதினார்.

செக்கன்களைக் குறித்ததற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் விஞ்ஞானக் கல்வி பற்றி ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்பதை 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். அந்த நேரத்தை 3 செக்கன்களாக நீட்டினாலே பிள்ளைகளின் விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்குகிறார்கள் என்பதும் அவர் கண்டதே. இந்தச் செய்தியைப் பயிற்றுநர்கள் சனிக்கிழமை வகுப்பில் முதலில் சொல்லவில்லை. ஆசிரியர் தமது தாளிலுள்ள எண்களைப் பார்த்துத் திகைத்து நின்ற பிறகே சொன்னார்கள். இந்த ஒழுங்குமுறைதான் இவர்களின் அனுபவத்தைக் காட்டுகிறது என்பது என் கருத்து. ஓர் ஆசிரியருக்கு எந்த வேளையில் எதைச் சொன்னால் அது மனத்தில் தங்கும் என்பது நீண்டகாலம் வகுப்பில் நின்றவருக்கே தெரியும்.

பிறர் கற்பிப்பதைப் பார்த்துக் குறை சொல்வதோடு இவர்கள் நிற்பதில்லை. கணிதப் பயிற்றுநர் ஒருவர் பின்னங்கள் பற்றிய பாடத்தை எங்கள் பிள்ளைகளுக்கே எடுத்தார். ஆசிரியர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பகுதி எண்கள் வெவ்வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டும் இடத்தில் பிள்ளைகள் சிலர் தடுமாறினார்கள். அவர் அதை மறைக்க முயலவில்லை. பாடத்தின் எந்தக் கட்டத்தில் அவர்கள் கைநழுவிப் போனார்கள் என்று பார்வையாளர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதை வெண்பலகையில் எழுதி, அடுத்த நாள் அதே பாடத்தை வேறு விதமாக எடுத்தார். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இளம் ஆசிரியர்களின் முன்னே இப்படி நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தண்டனை பற்றிய அமர்வு கடினமானதாக இருந்தது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தடைசெய்திருப்பதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். பிரம்பில்லாமல் நாற்பது பிள்ளைகளை எப்படி வைத்திருப்பது என்பதே அவர்களின் உண்மையான கேள்வி. பயிற்றுநர்கள் அறிவுரை கூறுவதைத் தவிர்த்து, குழப்பம் பெரும்பாலும் எந்த நிமிடங்களில் எழுகிறது என்று ஆசிரியர்களையே குறிக்கச் செய்தார்கள். பாடம் தொடங்கும்போது, கொப்பி திருத்தும்போது, வேலையை முதலில் முடித்தவர்கள் சும்மா இருக்கும்போது என்ற மூன்று இடங்கள் வெளிவந்தன. அந்த ஒவ்வொரு இடத்துக்கும் உரிய வழக்கமொன்றை அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள்.

இளைஞர் உதவியாளர்களுக்கான பகுதியில் என் மனத்தில் நின்றது ஒரு பாத்திரமேற்று நடித்தல். புறக்கோட்டையில் கடையொன்றில் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட பதினைந்து வயதுப் பையனாக ஒருவர் நடித்தார். எங்கள் உதவியாளர் அவரைப் பேச வைக்க முயன்றார். பையன் தயங்கியபோது, "நீ எதைச் சொன்னாலும் நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன், தம்பி" என்று உதவியாளர் வாக்குக் கொடுத்தார். உளவளத்துணையாளர் அந்த இடத்திலேயே நிறுத்தினார். பிள்ளைக்கு ஆபத்து இருப்பது தெரியவந்தால் அதை உரியவரிடம் சொல்லியே ஆகவேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கை முதல் சந்திப்பிலேயே கொடுத்தால், பின்னர் அந்தப் பிள்ளை எந்தப் பெரியவரையும் நம்பாது. எதை இரகசியமாக வைத்திருப்போம், எதை வைத்திருக்க முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளைக்கு விளங்கும் விதத்தில் சொல்வதற்கு அன்று முழு மணித்தியாலம் பழகினார்கள். யாரிடம் சொல்வது என்பதும் தெளிவாகத் தரப்பட்டது: 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவு. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் அந்தப் பையனின் இடைவிலகலைக் குடும்பத்தின் தனிப்பட்ட விடயமாகக் கருதி விட்டுவிட முடியாது என்பதையும், அதே நேரத்தில் அவன் கொண்டுவரும் நாட்கூலி அந்த வீட்டுக்கு என்னவாக இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியின் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்று படிகளும் கற்பிக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் எதைக் கண்டார்கள் என்பதை எங்கள் உதவியாளர்கள் நேரில் அறிவார்கள். நடந்ததைச் சொல்லும்படி பிள்ளையை வற்புறுத்தக் கூடாது என்ற விதி அவர்களுக்கு எவ்வளவு தேவையானது என்பதை அன்றைய கலந்துரையாடல் காட்டியது.

குறைகளும் உண்டு. இளைஞர் உதவியாளர்களுக்கான அமர்வுகள் ஆசிரியர்களுக்கானவற்றைவிடத் தெளிவாகவே குறைவு. வார நாட்களில் வந்து பார்க்கும் ஏற்பாடும் அவர்களுக்கு இல்லை. வீட்டுக்குச் சென்று தாயுடன் பேசும் உதவியாளருக்கு அருகில் அனுபவசாலி ஒருவர் இருக்கவேண்டிய அவசியம், வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு இருப்பதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். தரம் 10, 11 ஆசிரியர்களுக்கு, சாதாரண தரப் பரீட்சைக்கான பாடப்பரப்பை முடிக்கும் அவசரத்துக்கு நடுவில் இம்முறைகளை எப்படிக் கையாள்வது என்பதற்குப் போதிய விடை கிடைக்கவில்லை. கையேடுகள் நல்ல தமிழில், இங்குள்ள பாடப்புத்தகங்களிலிருந்தே எடுத்த உதாரணங்களுடன் இருக்கின்றன; ஆனால் நிழற்பிரதிகள் மங்கலானவை, சில பக்கங்களை வாசிக்கவே முடியவில்லை. சனிக்கிழமை காலை என்பது மேலதிக வகுப்பு எடுத்துக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் ஆசிரியருக்குப் பெரிய இழப்பு. ஞாயிறு மாலையைப் பற்றியும் அவர்கள் யோசிக்கலாம்.

கட்டணம் நிலையத்தின் வசதியைப் பார்த்துப் பேசி முடிவுசெய்யப்படுகிறது. எங்களைப் போன்ற சிறிய நிலையத்தாலும் அதைத் தாங்க முடிந்தது. ஆட்களை அனுப்ப விரும்பும் அதிபர்களும் நிலையப் பொறுப்பாளர்களும் ஒரே பாடசாலையிலிருந்து குறைந்தது இருவரையாவது சேர்த்து அனுப்புங்கள்; பயிற்றுநர்களின் வருகை தவணையோடு முடிந்துவிடும் என்பதால், அதன் பிறகு ஒருவரின் வகுப்பில் அமர்ந்து அந்த இருக்கைத் தாளை நிரப்பிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். அதற்காக வாரத்தில் ஒரு பாடவேளையை நேர அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்கித் தருவது அதிபரின் கையில்தான் இருக்கிறது.